அமாவாசைக் கணக்கு

நீளமான இழை. டெலஸ்கோப் வைத்திருக்கும் கல்யாணமான ஆண்கள் கட்டாயம் படிக்கவும். மற்றவர்களும் படிக்கலாம். உங்க வீட்டில் டெலஸ்கோப்புக்குப் பதில் புல்லட்டோ, கேமராவோ, ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் கிட்டோ இருக்கும். கதை ஒண்ணுதான்.

போன வாரம் நான் இருக்கும் வானியல் ஆர்வலர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, தை மாசம் எனக்குக் கல்யாணம். டெலஸ்கோப்பை இப்பவே வாங்கிடட்டுமா, அப்புறம் வாங்கிக்கலாமா?"

அரை மணி நேரத்தில் குழு பத்திக்கிச்சு. "இப்பவே வாங்கிடு, அப்புறம் கனவுல கூட முடியாது." "பில்லைக் கிழிச்சுப் போட்டுடு." "ஃப்ரெண்டோட பழசுன்னு சொல்லு." "முதல்ல ஒரு மோதிரம், அடுத்த வாரம் டெலஸ்கோப், பேலன்ஸ் ஆயிடும்." ஒரு சீனியர், வீட்டு 'ஹோம் மினிஸ்டர்' கிட்ட 'நைட் பாஸ்' வாங்குவது எப்படின்னு நாலு பாயிண்ட் எழுதினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். நானும் ரெண்டு சிரிப்பு பொம்மை போட்டேன்.

போட்டுட்டு போனைக் கீழே வெச்ச பிறகுதான் உறுத்த ஆரம்பிச்சது. அந்த நாலு பாயிண்ட்டையும் நான் என் வீட்டில் பிரயோகம் பண்ணியிருக்கேன். எட்டு இன்ச் டாப்சோனியன் ஒண்ணு ஐம்பதாயிரத்துக்கு மேல கொடுத்து வாங்கிட்டு, வீட்டில் இருபத்தெட்டாயிரம்னு சொன்ன ஆள் நான். அதனால இதை யாரையோ திட்டி எழுதலை. என்னையும் சேர்த்துத்தான்.

அறிமுகம்: தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். பொது மருத்துவர், சின்னதா சொந்த கிளினிக். மனைவி மகப்பேறு மருத்துவர். கல்யாணமாகி பதினோரு வருஷம். மகளுக்கு ஒன்பது வயசு, மகனுக்கு நாலு. எங்கம்மா எங்களோட இருக்காங்க. டெலஸ்கோப்புக்கு அம்மா வெச்ச பேர் "பீரங்கி".

முதல்ல அந்த 'அனுமதி' ஜோக்.

மனைவி அனுமதி கொடுக்கிறார், கொடுக்கலைங்கிற பேச்சிலேயே ஒரு தந்திரம் இருக்கு. அவங்களைப் போலீஸ் ஆக்கிடுறோம், நாம பாவம் கைதி. அப்புறம் வீட்டில் நடக்கும் எல்லாமே அவங்க 'விடுறாங்களா இல்லையா'ங்கிற ஒரே கேள்வியாச் சுருங்கிடுது. நாம போன பிறகு ராத்திரி பதினோரு மணியிலிருந்து விடியக்காலம் நாலு மணி வரைக்கும் அந்த வீட்டை யார் பார்த்தாங்கங்கிற கேள்வியே வராது. அது ஏதோ தானா நடக்கிற மாதிரி. இரவு வானத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் பேர் தெரிஞ்ச நமக்கு, வீட்டு ராத்திரியில் என்னென்ன நடக்குதுன்னு தெரியாது.

இந்தப் பொழுதுபோக்கு காசைவிட அதிகமா ராத்திரியைத்தான் தின்னும். ஆர்வலர் அல்லாதவர்களுக்காகச் சொல்றேன். மங்கலான நெபுலா, கேலக்ஸி பார்க்கணும்னா நிலா இருக்கக்கூடாது. ஆக, அமாவாசைக்கு முன்ன பின்ன நாலஞ்சு ராத்திரிதான். அதில் மறுநாள் ஓபி இல்லாத ராத்திரி ஒண்ணோ ரெண்டோ. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை சாயங்காலமானா மேகம். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை. மிச்சம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. வருஷத்துக்கு நாலஞ்சு நல்ல அமாவாசை. அதனால அந்த ராத்திரிகளை நாம புதையல் மாதிரி காப்பாத்துவோம். குறுக்கே கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் எது வந்தாலும் எரிச்சல் வரும்.

இப்போ அதே அமாவாசையை எங்க வீட்டுப் பக்கமிருந்து பாருங்க.

எங்கப்பா இறந்து எட்டு வருஷம் ஆச்சு. அமாவாசை அன்னைக்கு வீடு கழுவி, குளிச்சு, வாழைக்காய் பொரியல், சாம்பார், வடை, பாயசம் வெச்சு, அப்பா படத்துக்குப் படைச்சு, காக்காவுக்கு வெச்ச பிறகுதான் மத்தவங்க சாப்பிடணும். எங்கம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால இதில் பாதிக்கு மேல என் மனைவி தலையில். காலையில் நாலரைக்கு எழுந்து இதை முடிச்சுட்டு, ஒன்பதரைக்கு கர்ப்பிணிகளைப் பார்க்கப் போகணும். என் அப்பாவுக்கான படையல் அது. மகன் நான் என்ன பண்ணேன்? காக்காவுக்கு வெச்ச கையோட மொட்டைமாடியில் நின்னு மேகம் கலையுதான்னு பார்த்தேன். ஊருக்கு அமாவாசை நல்ல நாள், எனக்கு நல்ல ராத்திரி, அவங்களுக்கு இரட்டை டியூட்டி. ஏழெட்டு வருஷம் இது என் கண்ணுலயே படலை.

எனக்கே வெட்கமான விஷயம் வேற. அமாவாசை எப்போ வரும்னு ஜனவரி ஒண்ணாம் தேதியே தினசரி காலண்டரில் இருக்கு. வியாழனோட நிலா எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு வியாழனுக்கு முன்னாடி கடந்து போகும்னு ஒரு மாசம் முன்னாடியே குறிச்சு வெச்சிருப்பேன். ஆனா வீட்டில் எப்போ சொல்வேன்? சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு. "இன்னைக்கு வானம் க்ளியரா இருக்கு, சித்தேரி மலைக்குப் போயிட்டு வந்துடுறேன்." மறந்துபோய்ச் சொல்லாம விட்டது கிடையாது. முன்னாடியே சொன்னா "அன்னைக்கு எனக்கு டெலிவரி கேஸ் இருக்கு"ன்னு பதில் வரும். கடைசி நேரத்தில் சொன்னா பதில் வராது. அந்த அளவுக்குக் கணக்கு தெரிஞ்சவன்தான் நான்.

இங்கே குழுவில் வழக்கமா ஒரு வாதம் வரும். "நான் என்ன டாஸ்மாக்குக்கா போறேன்? சீட்டாடுறேனா? நட்சத்திரம்தானே பார்க்கிறேன்."

டாக்டரா சொல்றேன், ரெண்டும் ஒண்ணு இல்லை. கல்லீரல் கெட்டு வயிறு வீங்கி வர்றவங்களை வாரத்துக்கு நாலு பேரைப் பார்க்கிறேன். குடிக்கிற புருஷனோட வாழ்றவங்க கஷ்டத்தோட நம்ம வீட்டுக் கஷ்டத்தை ஒப்பிட்டா அது அவங்களை அவமானப்படுத்தற மாதிரி. ஆனா ஒண்ணு கேக்கிறேன். நல்ல புருஷனுக்கான அளவுகோலை டாஸ்மாக் வாசல்ல கொண்டுபோய் ஏன் நடுறீங்க? அதைவிட உசரமா ஊன்ற இடமே கிடைக்கலையா? ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை அழும்போது, அப்பா ஒயின்ஷாப் வாசல்ல இருக்காரா ஓரியன் நெபுலாவில் இருக்காரான்னு அதுக்குத் தெரியாது. அப்பா இல்லைங்கிறது மட்டும்தான் தெரியும்.

சொல்லவேண்டாம்னு ரெண்டு வருஷமா வெச்சிருந்ததைச் சொல்லிடுறேன்.

மார்ச் மாசம், அமாவாசையை ஒட்டின சனிக்கிழமை. சித்தேரி மலையில் நானும் இன்னும் மூணு பேரும். அங்கே நாங்க நிக்கிற இடத்தில் போன் சிக்னல் கிடையாது. அதைக் குறையா நாங்க யாரும் பேசினதில்லை, உண்மையில் அது ஒரு சுகம். அன்னைக்கு அம்மா பாலக்கோட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாங்க. மகனுக்கு அப்போ ரெண்டு வயசு. கிளம்பும்போது உடம்பு லேசா சுட்டுச்சு. பாராசிட்டமால் கொடுத்துட்டுத்தான் கிளம்பினேன். டாக்டர் அப்பா பாருங்க.

என் குறிப்பு நோட்டில் அன்னைக்கு எழுதினது இன்னும் இருக்கு: "2.10. ஒமேகா சென்டாரி. காற்று அசையாம இருக்கு. ஓரம் வரைக்கும் நட்சத்திரம் தனித்தனியாப் பிரியுது."

ஒமேகா சென்டாரி தெரியாதவங்களுக்கு: சுமார் பதினேழாயிரம் ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி நட்சத்திரம் உருண்டையாச் சேர்ந்து கிடக்கிற கூட்டம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருக்கிறவங்களுக்கு அது அடிவானத்துக்கு மேலயே வராது. நமக்கு மார்ச் மாசம் ராத்திரி ரெண்டு மணி வாக்கில் தெற்கே முப்பது டிகிரி உயரத்தில் நிக்கும். வெறும் கண்ணுக்கே பஞ்சுத் துண்டு மாதிரி தெரியும். எட்டு இன்ச்சில் பார்த்தா சர்க்கரையைக் கறுப்புத் துணியில் கொட்டின மாதிரி. அன்னைக்கு அதை முக்கால் மணி நேரம் பார்த்தேன்.

என் மகனோட ஆஸ்பத்திரி சீட்டில் எழுதியிருந்தது: காய்ச்சல் வலிப்பு, தொடங்கிய நேரம் 2.15.

என் மனைவி தனியா இருந்தாங்க. பையனை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, வாயில் எதையும் திணிக்காம, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எண்ணினாங்க. ரெண்டரை நிமிஷத்தில் நின்னுடுச்சு. (இதைப் படிக்கிற பெற்றோர்களுக்கு: ஆறு மாசத்திலிருந்து அஞ்சு வயசுக்குள்ள காய்ச்சலோட வலிப்பு வரலாம். பெரும்பாலும் சில நிமிஷத்தில் தானா நிக்கும். கையில் இரும்புச் சாவி கொடுக்காதீங்க, வாயில் ஸ்பூன் வைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா உடனே 108.) எனக்குப் போன் போட்டுப் பார்த்துட்டு, தூங்கிட்டிருந்த மகளை எழுப்பி எதிர்வீட்டு அக்காகிட்ட விட்டுட்டு, அவங்க வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரி போயிருக்காங்க.

நாலரை மணிக்கு மலையிறங்கி சிக்னல் வர்ற வளைவில் போன் அதிர ஆரம்பிச்சது. பதினோரு மிஸ்டு கால்.

பையன் நல்லா இருக்கான். அப்புறம் வலிப்பு வரலை. நான் அங்கே இருந்திருந்தாலும் இதையேதான் பண்ணியிருப்பேன், மருத்துவ ரீதியா ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது. இந்த வாக்கியத்தைத்தான் அன்னைக்குக் காலையில் அவங்ககிட்ட சொன்னேன். அந்தப் பதினோரு காலைவிட அதைச் சொன்னதுக்குத்தான் இன்னைக்கும் எனக்குக் கூசுது. அவங்க சண்டை போடலை. "உங்களுக்கு ஃபிட்ஸ் பத்தித் தெரியும்னு எனக்கும் தெரியும்ங்க. நான் டாக்டரைக் கூப்பிடலை" அப்படின்னாங்க. அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், அதே காலையைப் பத்தி. முந்தின நாள் ஆறு மணிக்கு எழுந்தவன், விடிகாலை நாலரைக்கு மலைப்பாதையில் கார் ஓட்டினேன். இருபத்திரண்டரை மணி நேர விழிப்பு. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இருக்கு. 17 முதல் 19 மணி நேரம் தூங்காம இருக்கிறவங்களோட கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவங்க அளவுக்கோ அதைவிட மோசமாவோ இருந்தது. நம்ம ஊர் சட்டப்படி 0.03 தாண்டினாலே கேஸ். "நான் என்ன குடிச்சுட்டா வர்றேன்"னு கேக்கிற ப்ரோ, நாலு மணிக்குத் தொப்பூர் கணவாயில் நீங்க எந்த நிலைமையில் ஓட்டுறீங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. வீட்டில் தூங்காம வாசலைப் பார்த்துக்கிட்டிருக்கிறவங்க நம்மமேல சந்தேகத்தில் முழிச்சிருக்கலை.

சரி, அடுத்து படிச்சவங்க வாதம். அந்தத் தம்பிக்கு ஒருத்தர் எழுதினார்: "ஆனா டிரேப்பர் மாதிரி ஒரு பொண்ணாப் பார்த்துக் கட்டிக்கோ தம்பி, பிரச்சனையே வராது."

தெரியாதவங்களுக்கு. ஹென்றி டிரேப்பர், நியூயார்க்கில் மருத்துவம் படிச்ச டாக்டர், மருத்துவப் பேராசிரியர். நம்ம ஜாதி, அதாவது பகல்ல ஆஸ்பத்திரி ராத்திரியில் டெலஸ்கோப். 1867இல் ஆனா பாமரைக் கல்யாணம் பண்ணார். கல்யாணம் ஆனதும் ரெண்டு பேரும் சேர்ந்து 28 அங்குல டெலஸ்கோப்புக்குக் கண்ணாடி வாங்கப் போனாங்க. அதைத்தான் தங்களோட கல்யாணப் பயணம்னு சொல்லிக்கிட்டாங்களாம். ஆனா போட்டோ தகடுகளுக்கு ரசாயனம் பூசிக் கொடுத்தார், ராத்திரியெல்லாம் கூடவே இருந்தார். 1880 செப்டம்பரில் டிரேப்பர் எடுத்த ஓரியன் நெபுலா படம்தான் உலகத்திலேயே நெபுலாவோட முதல் படம். 1882இல் அவர் 45 வயசில் இறந்துபோக, ஆனா தன் சொத்திலிருந்து ஹார்வர்டுக்குப் பணம் கொடுத்து வேலையைத் தொடர வெச்சார். நம்ம ஆப்களில் நட்சத்திரத்தைத் தொட்டா HD-க்குப் பதில் தமிழில் சொன்னா 'ஹெச்.டி.' அப்படின்னு ஒரு எண் வருதே, அது ஹென்றி டிரேப்பர் அட்டவணை. ரெண்டேகால் லட்சம் நட்சத்திரங்கள். பெரும்பாலானதை வகை பிரிச்சது ஆனி ஜம்ப் கேனன்ங்கிற இன்னொரு பெண்.

இவ்வளவையும் சொல்லுவாங்க. ஒண்ணை மட்டும் விட்டுடுவாங்க. 1878 ஜூலை 29, முழு சூரிய கிரகணம். அமெரிக்காவின் வயோமிங் பகுதியில் ராலின்ஸ்ங்கிற ஊர். டிரேப்பரோட குழு போயிருந்தது, எடிசன் கூட வந்திருந்தார். இருட்டு நீடிக்கிற மூணு நிமிஷத்துக்கும் குறைவான நேரத்தில் ஒவ்வொரு நொடியையும் சத்தமா எண்ணிச் சொல்றது ஆனாவோட வேலை. கிரகணத்தைப் பார்த்து மலைச்சுப்போய் எண்ணிக்கை தப்பிடக் கூடாதுன்னு அவரைக் கூடாரத்துக்குள்ள உட்கார வெச்சாங்க. வெளியே எல்லாரும் பார்த்தாங்க. அவர் நொடி எண்ணினார்.

இதுதான் ப்ரோ, நீங்க கல்யாணத்துக்குத் தேடச் சொல்ற உதாரணம்.

என் மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ரெண்டரை நிமிஷம் எண்ணினதை நான் ஏன் முன்னாடி எழுதினேன்னு இப்போ புரியும்.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. சென்னை நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வானாய்வகம், அதுக்குத் தலைவர் நார்மன் போக்சன். அவர் மகள் ஐசிஸ் போக்சன் 1873இல் இருந்து 25 வருஷம் அங்கே கணக்கீட்டு வேலை பார்த்தார். லண்டன் ராயல் வானியல் கழகத்துக்கு 1886இல் அவர் பேரைப் பரிந்துரைச்சாங்க, பெண் என்பதால் நடக்கலை. 1920இல்தான் சேர்த்தாங்க. வீட்டுப் பெண்ணோட ராத்திரி எப்பவும் இலவசம் அல்லது பாதி விலை.

"அவங்களுக்கு இதில் இன்ட்ரஸ்ட் இல்லை டாக்டர்." இது அடுத்தது. நானும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

2019 டிசம்பர் 26, வளைய சூரிய கிரகணம். கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியா வளையம் தெரிஞ்சது, தர்மபுரிக்குப் பகுதி கிரகணம்தான். நான் முந்தின நாளே நண்பர்களோட திண்டுக்கல் கிளம்பிட்டேன். நெருப்பு வளையம் பார்த்தேன், கத்தினேன், படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒரு மாசம் அதையே பேசினேன்.

ஒரு வருஷம் கழிச்சு, யாரோ கர்ப்பிணி கிரகணத்தைப் பத்திக் கேட்டாங்கன்னு பேச்சு வந்தப்போதான் எனக்கு இது தெரியும். அன்னைக்கு வார்டில் இருந்த கர்ப்பிணிகளை அவங்க வீட்டுக்காரங்க ஜன்னலுக்கு வேட்டி கட்டி இருட்டில் உட்கார வெச்சிருந்தாங்க. காய் நறுக்கக்கூடாது, நகம் வெட்டக்கூடாது, பிள்ளைக்கு உதடு பிளந்திடும். கருவில் உதடு சேர்றது நாலுலிருந்து ஏழாவது வாரத்துக்குள்ள. அந்தப் பெண்களுக்கு எட்டு மாசம், ஒன்பது மாசம். என் மனைவி பாடம் நடத்தலை. "வாங்கம்மா, மேல பார்க்க வேண்டாம், கீழே பாருங்க"ன்னு ரெண்டு பேரைப் பின்பக்க வேப்ப மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. இலை இடுக்கு வழியா விழுற வெளிச்சம் ஒவ்வொண்ணும் ஒரு பிறைச் சூரியன். தரை முழுக்க ஆயிரம் பிறை. ஒரு பொண்ணு சேலை முந்தானையை விரிச்சு அதில் பிறைகளைப் பிடிச்சுதாம். மாமியார்க்காரம்மாவும் வந்து நின்னாங்களாம்.

"ஏன் அன்னைக்கே சொல்லலை?"ன்னு கேட்டேன். "நீங்க பேசி முடிக்கலையே"ன்னாங்க.

ஆர்வம் இல்லாதவங்க கிடையாது. தூக்கம் இல்லாதவங்க.

"சரி, மலைக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க" - போனோம். ஒரே ஒரு தடவை. நாங்க நாலு ஆம்பளைங்க பத்து வருஷமாப் போற இடம். கழிப்பறை எங்கேங்கிற கேள்வி அன்னைக்குத்தான் முதன்முறையா எழுந்தது. எங்களுக்கு மலையே கழிப்பறை. அவங்க சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்து தண்ணி குடிக்காம இருந்தாங்க. பதினோரு மணிக்கு ரெண்டு பைக்கில் நாலு பசங்க வந்து ஹெட்லைட்டை நம்ம மேல அடிச்சுட்டு, "என்ன பண்றீங்க"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. எங்களுக்கு அது கண் இருட்டுக்குப் பழகினது போச்சேங்கிற கடுப்பு. அவங்களுக்கு அது வேற. மறுநாள் அம்மா, "பொம்பளப் பிள்ளை அமாவாசை ராத்திரியில காட்டுல என்ன வேலை?" இதே அம்மா என்னைக் கேட்டதில்லை.

இருட்டான வானம் எல்லாருக்கும் பொதுன்னு நாம பேசுவோம். இருட்டு பொதுவா இல்லைங்க.

டாப்சோனியன் டெலஸ்கோப்போட அப்பன் கதை தெரியுமா? ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபு வேதாந்த மடத்தில் துறவி. கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்ச்சு டெலஸ்கோப் பண்ணி ராத்திரியெல்லாம் வெளியே சுத்தினார். 1967இல் மடத்தை விட்டு அனுப்பிட்டாங்க. பிரம்மச்சாரிக்கே பேலன்ஸ் ஆகலை! ஆனா அந்த மனுஷன் அப்புறம் பண்ணதுதான் முக்கியம். டெலஸ்கோப்பை நடைபாதையில் நிறுத்தி, போறவர வர்றவங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மலைக்கு ஆளைக் கூட்டாம, ஆள் இருக்கிற இடத்துக்கு டெலஸ்கோப்.

அதைக் காப்பியடிச்சேன். நிலாவும் சனியும் வியாழனும் பார்க்க மலை தேவையே இல்லை. எல்.ஈ.டி. தெருவிளக்குக்குக் கீழேயே தெரியும். இப்போ மாசம் ரெண்டு நாள், வளர்பிறையில், ஏழரை மணிக்கு எங்க தெருவில் பீரங்கி நிக்கும். எதிர்வீட்டு அக்கா இடுப்பில் குழந்தையோட வந்து சனி வளையத்தைப் பார்த்துட்டு, "ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களா சார்?"ன்னாங்க. மூணாவது விசிலுக்கு உள்ளே ஓடி அடுப்பை அணைச்சுட்டு மறுபடி வந்து வரிசையில் நின்னாங்க. என் மனைவி ஓபி முடிச்சு வந்து ஒரு பக்கம் நின்னு குழந்தைகளுக்கு நிலாப் பள்ளத்தோட பேரெல்லாம் சொல்றாங்க. எனக்குத் தெரியாத பேரும் அதில் இருந்தது. எப்போ படிச்சாங்கன்னு தெரியலை.

ஆனா இதை வெச்சு நான் திருந்திட்டேன்னு யாரும் லைக் போட வேண்டாம். மலை ஆசை போகலை. தெருவில் ஒமேகா சென்டாரி தெரியாது.

அதனால காவலூர் முறைக்கு வந்தேன். ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் நம்மகிட்டேர்ந்து எட்டற தூரம்தான். 1968இல் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்போட ஆரம்பிச்ச இடம், 1977இல் யுரேனஸ் வளையங்களைக் கவனிச்ச இடங்களில் ஒண்ணு. குடும்பத்தோட ஒரு சனிக்கிழமை போயிருந்தோம். டெலஸ்கோப்பைவிட என் மனைவியை இழுத்தது வேற. யாருக்கு எந்த ராத்திரின்னு அங்கே முன்கூட்டியே ஒதுக்கிடுவாங்க. உங்களுக்குக் கொடுத்த ராத்திரியில் மேகம் வந்தா அது உங்க அதிர்ஷ்டம். அடுத்தவர் ராத்திரியைக் கேக்க முடியாது. "பார்த்தீங்களா, தொழில்முறைக்காரங்களுக்கே டியூட்டி ரோஸ்டர் இருக்கு. உங்களுக்கு மட்டும்தான் எல்லா ராத்திரியும்"னாங்க.

ஃபிரிட்ஜ் கதவில் இப்போ ஒரு ரோஸ்டர் ஒட்டியிருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை எழுதுறோம். நான் ஒரு ராத்திரி எடுத்தா அவங்களுக்கு ஒரு ராத்திரி. பட்டுச்சேலை, மோதிரம், ஹோட்டல் சாப்பாடு கொடுத்து அதை ஈடு பண்ண முடியாது. ராத்திரிக்கு ராத்திரிதான். அவங்க ராத்திரியில் வீட்டில் நான். "தெர்மாமீட்டர் எங்கே இருக்கு"ன்னு அவங்களுக்குப் போன் போட்டா அந்த ராத்திரி கணக்கில் சேராது. சிக்னல் இல்லாத இடத்துக்கு நான் போறதில்லை, திரும்பும்போது காரிலேயே ரெண்டு மணி நேரம் தூங்கிட்டுத்தான் ஓட்டுறேன்.

நல்லா வேலை செய்யுதான்னு கேட்டா, இல்லை. அவங்களோட முதல் ராத்திரி, போக இடமில்லாம பக்கத்து ரூமில் கதவைச் சாத்தித் தூங்கினாங்க. பையன் பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினான். நான் தூக்கிட்டு வர்றதுக்குள்ள கதவு திறந்தாச்சு. ரெண்டாவது ராத்திரி, கூடப் படிச்ச ரெண்டு டாக்டர் தோழிகளோட ஏற்காடு போனாங்க. அம்மா ரெண்டு நாள் பேசலை, பாலக்கோட்டுக்குப் போன் போட்டு அக்காகிட்ட புலம்பினாங்க. மூணாவதை "அடுத்த தடவை பார்த்துக்கலாம்"னு அவங்களே அடிச்சுட்டாங்க. ஆம்பளைக்கு ராத்திரி ஒண்ணு கையில் கிடைச்சா மலை இருக்கு, டீக்கடை இருக்கு, நண்பன் மொட்டைமாடி இருக்கு. பொம்பளைக்கு அம்மா வீட்டைத் தவிர நம்ம மாவட்டத்தில் ஒரு இடம் சொல்லுங்க.

இந்த வருஷக் கணக்கு இன்னைய தேதிக்கு: நான் 9, அவங்க 4.

தை மாசம் கல்யாணம் பண்ணப்போற தம்பி, டெலஸ்கோப்பை எப்போ வேணா வாங்கு. விலையை உள்ளபடி சொல்லு. காலண்டரை அந்தப் பொண்ணுகிட்ட முதல்ல கொடுத்து, அவங்க ராத்திரிகளை முதல்ல குறிக்கச் சொல்லு.

நாலு பாயிண்ட் எழுதின சீனியர் சார், உங்க வீட்டு ஸ்கோர் எத்தனைக்கு எத்தனை? கமெண்ட்டில் நம்பரை மட்டும் போடுங்க. வீட்டில் கேட்டுட்டுப் போடுங்க.